பெரட்டுக்குப் போன பெயர்

போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் புஷ்பாவின் தையல் கடைக்கு மேலே விமானம் இறங்கும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அன்றைக்கு அகிலாவும் அப்படித்தான் நின்றாள், சுருட்டிய சார்ட் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு. ஆனால் விமானம் போன பிறகும் அவள் தாளை விரிக்கவில்லை.

"என்னடி, முழிக்கிற?" என்றாள் புஷ்பா. "வெட்டு மேசையில விரி, பாப்போம்."

அகிலா விரித்தாள். அவள் புஷ்பாவின் மாமன் மகன் நாகராஜின் மனைவி. பரமக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷமாயிற்று. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எதையும் கோடு போட்டு, கட்டம் கட்டி, தேதி எழுதுவதுதான் அவளுக்கு வழக்கம். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து குடும்பம் கப்பலேறி அந்தமானுக்கு வந்து இந்த அக்டோபரோடு ஐம்பது வருஷம். அதற்கு ஒரு புத்தகம் போட வேண்டும், குடும்ப மரம் வரைய வேண்டும், ஷாதிபூரில் ஹால் பிடித்து எல்லோரையும் கூட்ட வேண்டும் என்று கிளம்பியது அவள்தான். வாட்ஸப்பில் குழு ஆரம்பித்தாள். நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். லிட்டில் அந்தமானிலிருந்து ஒருத்தர் பள்ளிச் சான்றிதழ் அனுப்பினார். சென்னையிலிருந்து ஒருத்தி கல்யாண போட்டோ அனுப்ப, அதில் பின்வரிசையில் நிற்பது யார் என்று மூன்று நாள் சண்டை நடந்தது. தெரியாததெல்லாம் கடைசியில் புஷ்பாவிடம்தான் வரும். அவள் பதில் போடுவாள். எந்த வருஷம், யார் வீட்டில், யாருக்குப் பிறகு யார் என்று எல்லாம் சொல்வாள்.

"புஷ்பாக்காவுக்குத்தான் நம்ம குடும்பத்து மேல எவ்வளவு பாசம்" என்று குழுவில் எழுதினார்கள். புஷ்பா அதைப் படித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

சார்ட்டில் நடுவே பெரிய கட்டத்தில் அழகையா. அவருக்கு இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. இடப்பக்கக் கட்டத்தில், 'முதல் மனைவி கருப்பாயி, இறப்பு 1991.' அதன் கீழே, 'மகள் புஷ்பா.' வலப்பக்கக் கட்டத்தில், 'இரண்டாம் மனைவி சொர்ணம்மா.' அதன் கீழே, 'மகன் நாகராஜ்.'

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றாள் அகிலா. "உங்களை அத்தை மகள்னு சொல்லித்தான் எனக்குக் காட்டினாங்க. ஆனா காகிதமெல்லாம் இப்படித்தான் சொல்லுது. உங்க ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல அப்பா அழகையா, அம்மா கருப்பாயி. அந்தக் கருப்பாயி செத்த சர்ட்டிபிகேட்ல அழகையா மனைவின்னு இருக்கு. எங்க மாமியார் சொர்ணம்மாவோ உயிரோட வீட்டுல இருக்காங்க. இவர்கிட்ட கேட்டேன். அப்பாவுக்கு ரெண்டு கல்யாணமான்னு."

"நாகராசு என்ன சொன்னான்?"

"'அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்'னுட்டுக் குளிக்கப் போயிட்டாரு."

புஷ்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்து மெதுவாக விரலில் சுற்றினாள். உண்மை வெளியே வருவதைவிட, செத்துப்போன அப்பனுக்கு இரண்டு பெண்டாட்டி கட்டிவைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"நல்லாத்தான் வரஞ்சிருக்க" என்றாள். "ஒண்ணு செய். அத்தையவே வாய் தொறந்து சொல்லச் சொல்லி போன்ல பதிவு பண்ணிடு. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

அகிலா சந்தோஷமாகத் தலையாட்டினாள். பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, எழுதி, படித்துக் காட்டி, 'நான் சொன்னது சரி' என்று அடியில் அவரவர் கையெழுத்தை வாங்குவது அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். கையெழுத்து இல்லாத எதுவும் புத்தகத்தில் ஏறாது. புஷ்பாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

*

நடந்தது இதுதான்.

1975-ல் அழகையா, இலங்கையிலிருந்து திரும்பியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து ஒரு குடும்ப அட்டையோடு கிளம்பினார். அட்டையில் ஐந்து பேர்: அழகையா, மனைவி கருப்பாயி, கைக்குழந்தை நாகராஜ், புருஷனைத் தோட்டத்தில் பறிகொடுத்த தங்கச்சி சொர்ணம்மா, அவளுடைய ஆறு வயது மகள் புஷ்பா. போய்ச் சேர்ந்தது நிக்கோபாரின் கச்சால் தீவில் ஒரு ரப்பர் தோட்டம். குடும்பத்துக்கு இரண்டு பேருக்கு வேலை, பேர் பதிந்த ஆளுக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஓர் அறை. வேலைக்கு யார் யார் என்று எழுத்தர் கேட்டபோது, கைப்பிள்ளைக்காரியை எப்படி அனுப்புவது என்று அழகையா தன் பெயரையும் தங்கச்சி பெயரையும் கொடுத்தார். சொர்ணம்மா அன்று ராத்திரியே தனக்கு வரப்போகும் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தாள் என்று புஷ்பாவுக்கு ஞாபகம்.

அழகையா மறுபடியும் யோசித்தார். தங்கச்சி கையில் வேலையும் அறையும் இருந்தால் அவள் தனி ஆள். பெண்டாட்டி கையில் இருந்தால் இரண்டும் அவர் கையில். முதல் நாள் காலைப் பெரட்டு. வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு மலைத்தோட்டத்துக்காரர்கள் வைத்த பெயர் அது. புதிய தோட்டம், புதிய கப்பல், மேஸ்திரிக்கு யார் முகமும் தெரியாது. "சொர்ணம்மா" என்று கூப்பிட்டார்கள். "இருக்கேன்" என்று கருப்பாயி முன்னே வந்தாள். சொர்ணம்மா அடுப்படியில் நாகராஜை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வயதிலோ உறவிலோ ஏதோ ஒன்றை மாற்றி எழுதித்தான் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வாய் தவறிவிடக் கூடாதென்று அழகையா வீட்டுக்குள்ளேயே சட்டம் போட்டார். இனி பெண்டாட்டிதான் சொர்ணம்மா. தங்கச்சிக்குப் பெயர் வேண்டியதில்லை. "இந்தா" என்றால் அவள் திரும்புவாள். ரேஷனில் அவள் கருப்பாயி, அழகையா மனைவி. பள்ளிக்கூடத்தில் புஷ்பாவுக்கு அப்பன் அழகையா. அவளைப் பெற்ற அப்பன் செல்லமுத்து என்று ஒருத்தர் தேயிலை மலையில் பாறை சரிந்து செத்தாரே, அவருடைய பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. சம்பள ரிஜிஸ்தரில் கைநாட்டு வைத்தால் என்றைக்காவது ரேகை பார்ப்பார்கள் என்று யாரோ அழகையாவைப் பயமுறுத்திவிட்டார்கள். கருப்பாயி கையெழுத்துப் போடக் கற்றாக வேண்டும். வீட்டில் எழுத்துத் தெரிந்தது பள்ளிக்கூடம் போன புஷ்பாவுக்கு மட்டும். ஏழு வயதில், சிலேட்டும் பல்பமும் வைத்துக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்து அவள்தான் எழுதப் பழக்கினாள். சொ, ர், ண, ம், மா. ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள் கருப்பாயி. அடுப்பிலிருந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அத்தை இல்லாதபோது சிலேட்டைத் தொட்டு, "இதுல எதும்மா நானு?" என்று கேட்டாள். அவளுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று புஷ்பாவுக்கு அப்போது தோன்றவில்லை. அந்த ஒன்றுக்காக அவள் தன்னையும் மன்னிக்கவில்லை.

கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்கு வந்த புஷ்பாவுக்கு, 1991-ல் அம்மா செத்த செய்தி வந்தது. கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். பதினோரு நாள் கழித்துத்தான் கச்சாலில் கால் வைத்தாள். கையில் கொடுத்த இறப்புச் சான்றிதழில் கருப்பாயி என்று இருந்தது.

"மாமா, இதுல எங்கம்மா பேரு இல்லியே."

அழகையா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பேரு பெரட்டுக்குப் போயிருக்குடி. வேல முடிஞ்சாத்தான வரும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கருப்பாயியும் சிரித்தாள். பதினாறு வயது நாகராஜ் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து போகவுமில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காகப் புஷ்பா பதின்மூன்று வருஷம் வார்த்தை சேர்த்தாள். காஜா எடுக்கும்போது, பித்தான் தைக்கும்போது, ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கோத்து வைத்தாள். 2004-ல் அலை வந்து அழகையாவையும் லயத்தையும் பெட்டியில் இருந்த அத்தனை காகிதங்களையும் கொண்டுபோய்விட்டது. ஊரே அழுதுகொண்டிருந்தபோது புஷ்பாவுக்கு வயிறு எரிந்தது. அலை முந்திக்கொண்டுவிட்டதே என்று.

கருப்பாயி தப்பினாள். சொர்ணம்மாவாகவே ஓய்வு பெற்று, லம்பா லைனில் மகன் வீட்டில் இருக்கிறாள். வருஷா வருஷம் நவம்பரில் ஓய்வூதியத்துக்காக வங்கிக்குப் போய், சொர்ணம்மா உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் பப்ஸ் தின்றுவிட்டு வருவாள்.

அலைக்குத் தப்பி, யார் கண்ணிலும் படாமல் கிடந்த காகிதம் ஒன்று உண்டு. குடும்ப அட்டை. புஷ்பாவின் கல்யாணத்தன்று அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்து மகளிடம் கொடுத்திருந்தாள். ஐந்து பேரும் ஒன்றாக நிற்கிற போட்டோ, அடியில் வரிசையாக ஐந்து பெயர்கள். புருஷன் பழனிசாமிக்குக்கூடப் புஷ்பா அதைக் காட்டியதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு லம்பா லைன் வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்த கருப்பாயி நல்ல உற்சாகத்தில் இருந்தாள். எழுபத்து நாலு வயதிலும் பல் போகவில்லை, வாயும் ஓயவில்லை.

"வாடி தையக்காரி. எனக்கு ஜாக்கெட் தச்சுத் தந்து வருசம் மூணாச்சு. கூலி என்ன தங்கமாவா கேக்குற?"

"அளவு மாறிப்போச்சுல்ல அத்தை. நீங்க ஊதிக்கிட்டே போறீங்க, நான் துணிக்கு எங்க போவேன்?"

"பாத்தியா அகிலா, இவ வாய!"

அகிலா தலையணைமேல் போனை வைத்தாள். "பேரைச் சொல்லுங்க அத்தை."

"சொர்ணம்மா." தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்தது.

"பொறந்த ஊரு?"

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம், பனி, அட்டைக்கடி என்று பத்து நிமிஷம் சொன்னாள். அகிலா ரசித்துக் கேட்டாள். ஒரு விமானம் போகும் வரைக்கும் பொறுத்திருந்து புஷ்பா மெல்லக் கேட்டாள்.

"உங்கப்பா பேரு என்ன அத்தை? சார்ட்டுல அந்தக் கட்டம் காலியா இருக்கு."

கருப்பாயி வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். காகிதத்தில் இருக்கும் சொர்ணம்மாவின் அப்பா பெயரைச் சொன்னால் அது அழகையாவின் அப்பா பெயர், கட்டிய புருஷனுக்குத் தங்கச்சியாகிவிடுவாள். தன் சொந்த அப்பன் பெயரைச் சொன்னால், அவள் சொர்ணம்மா இல்லை.

"சொல்லுங்க அத்தை" என்றாள் அகிலா, பேனாவோடு.

"எனக்குத் தல சுத்துது."

"அப்பன் பேரைச் சொல்றதுக்கா?" என்றாள் புஷ்பா. தன் போனைத் திறந்து, குடும்ப அட்டையைப் படமெடுத்து வைத்திருந்ததை அகிலாவின் கையில் கொடுத்தாள். "இத வாசி டீச்சர். சத்தமா."

அகிலா வாசித்தாள். இரண்டாவது பெயர், மனைவி கருப்பாயி. நான்காவது பெயர், தங்கை சொர்ணம்மா. படத்தைப் பெரிதாக்கினாள். முகங்களைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் களவைப் பிடித்துப் பழகிய மூளைக்கு இரண்டு நிமிஷத்தில் முழுதும் புரிந்துவிட்டது.

வாசலில் நாகராஜ் நின்றிருந்தான். சின்னச் சின்னக் கட்டட காண்ட்ராக்ட் எடுப்பவன். பேரம் பேசத் தெரியும். புஷ்பாவை வெளி வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"அரே மதினி, என்ன இது? அம்பது வருசக் கத. அம்மாவுக்கு பி.பி. இருக்கு. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. நான் பண்ணித் தர்றேன்."

"எங்கம்மா பேரு."

"அதை இப்ப எங்க போயி... பென்சன் ஆபீசுக்கு விசயம் போச்சுன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். நவம்பர் வருது."

"தெரியும்."

"போவீங்களா?"

புஷ்பா சேலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டாள். போகவும் மாட்டாள், போக மாட்டேன் என்று சொல்லவும் மாட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே ஆயுதம் அதுதான்.

அதற்குள் அகிலா வந்துவிட்டாள். மூக்கு விடைத்திருந்தது. "இருபத்தஞ்சு வருசமா நான் யாரு கால்ல விழுந்து எந்திரிச்சிருக்கேன்? உங்கம்மா பேரு உங்களுக்கே தெரியாதா? ரெண்டு பொண்டாட்டின்னு என்னை எழுத வெச்சீங்களே, அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல கல்யாணக் கோடு போட்டிருக்கேனே, இந்தக் கையால!"

"நீ சும்மா இரு அகிலா."

"சும்மா இருந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

புஷ்பா தன் கணக்கைச் சொன்னாள். புத்தகத்தில் உண்மை ஏற வேண்டும். அதன் அடியில் அத்தை, ஷாதிபூர் ஹாலில், எல்லோருக்கும் முன்னால், தன் சொந்தப் பேரைத் தன் கையால் எழுத வேண்டும்.

"அம்மாவுக்கு அது எழுதத் தெரியாதே" என்றான் நாகராஜ். "தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்த."

"எனக்குத் தெரியும். நாந்தானே சொல்லிக்குடுத்தேன். இதையும் நானே சொல்லிக்குடுக்குறேன்."

*

மறுநாளிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு லம்பா லைனுக்கு நடந்தாள். புதிதாக ஒரு சிலேட் வாங்கியிருந்தாள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி இது?" என்று முதல் நாள் கருப்பாயி கெஞ்சினாள்.

"க" என்றாள் புஷ்பா.

கையைப் பிடித்துப் பழக்கவில்லை. அன்றைக்குப் பிடித்தாள், இன்றைக்குப் பிடிக்க மாட்டாள். எழுதிக் காட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டே பார்த்திருந்தாள். ஐம்பது வருஷம் பழகிய கை, பல்பம் பட்டதும் தானாகச் 'சொ' என்று வளையும். புஷ்பா ஈரத்துணியால் அழித்துச் சிலேட்டைத் திரும்பக் கொடுப்பாள்.

"அது உங்க பேரு இல்ல."

நான்காம் நாள் கருப்பாயி சிலேட்டைக் கட்டிலில் எறிந்தாள். "கொல்ல வந்தவ மாதிரியே உக்காந்திருக்கியேடி! என்னையக் கேட்டா செஞ்சாரு ஒங்க மாமா? பச்ச ஒடம்புக்காரிய விடியக்காலைல எழுப்பி, போயி நில்லுன்னாரு. மாரு பால் கட்டிக்கிட்டு நோவும், நான் ரப்பர் பாலு வெட்டிக்கிட்டு இருப்பேன். என் புள்ள ஒங்க ஆத்தா இடுப்புல வளந்துச்சு. என் பேருந்தான் போச்சு. அதக் கட்டிக்கிட்டு ஒங்காத்தா செத்தும் போனா. எனக்கு இப்ப பேருமில்ல, சாவுமில்ல."

புஷ்பாவின் ஊசி ஒரு நிமிஷம் நின்றது. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்த முகத்தில் இருபத்து நாலு வயதுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நியாயந்தான் அத்தை" என்றாள். "அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?"

"என்னிக்கு?"

"பேரு பெரட்டுக்குப் போயிருக்குன்னு மாமா சொன்னப்ப."

கருப்பாயிக்கு ஞாபகமே இல்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை. புஷ்பாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உறைத்தது. எழுந்து, கட்டிலில் கிடந்த சிலேட்டை எடுத்துத் துடைத்து, அவள் மடியில் வைத்தாள்.

"எழுதுங்க."

பத்தாம் நாள் கருப்பாயி என்று வந்தது. 'ரு' கொஞ்சம் படுத்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதச் சொன்னாள் புஷ்பா. தூக்கத்தில்கூடக் கை அசைகிறது என்று அகிலா வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் பரிதாபம் இருந்தது. அதற்காக அவள் நிறுத்தச் சொல்லவுமில்லை.

வீட்டில் பழனிசாமி கேட்டார், "ஏம்மா, தினம் போயி அந்தக் கிழவிக்கு அப்படி என்னதான் பண்ற?"

"பாடம் எடுக்குறேன்."

"சம்பளம் உண்டா?"

"உண்டு. அக்டோபர்ல."

*

ஷாதிபூர் ஹாலில் அறுபது பேருக்கு மேல். பிரியாணி வாசனை, ஹிந்தியிலும் தமிழிலும் கத்துகிற குழந்தைகள், கச்சாலிலிருந்து கப்பலில் வந்து இன்னும் தள்ளாடுகிற இரண்டு குடும்பம். மேடையில் புதிய சார்ட், திருத்தியது. அகிலா நிற வேறுபாடு வைத்து அழகாக வரைந்திருந்தாள். சொர்ணம்மா என்ற கட்டம் அழகையாவுக்குப் பக்கத்தில், தங்கை என்று. அதிலிருந்து ஒரு கோடு போய் செல்லமுத்துவைத் தொட்டது. கீழே புஷ்பா. குடும்ப அட்டையைப் பெரிதாகப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தாள்.

உறவுக்காரர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள். வயதானவர்கள் உடனே திரும்பி வந்து காபி கேட்டார்கள். சின்னவர்களுக்குத்தான் புரியவில்லை.

நாகராஜ் வேட்டி சரிகையை நீவிக்கொண்டு ஒரு மூலையில் நின்றான். அகிலா புத்தகத்தின் பக்கத்தைப் படித்தாள். பெரட்டு, அறை, சிலேட், இறப்புச் சான்றிதழ். கூட்டாமல் குறைக்காமல் அரைப் பக்கம். ஆபீஸ் பற்றியோ ஓய்வூதியம் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. படித்து முடித்து, புத்தகத்தை அத்தையின் முன்னால் மேசையில் வைத்தாள். புஷ்பா பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

பேனா தாளைத் தொட்டதும் கை வழுக்கிச் 'சொ' என்று ஆரம்பித்தது.

"அடிச்சுட்டு எழுத வேணாம் அத்தை" என்றாள் புஷ்பா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நிதானமா. புதுப் பக்கம் இருக்கு." அடுத்த பிரதியைத் திருப்பி வைத்தாள். இப்படி ஆகும் என்று நாலு பிரதி எடுத்து வைத்திருந்தாள்.

க. ரு. நெற்றியிலிருந்து வேர்வை தாளில் விழுந்தது. ப். பா. முன்வரிசையில் இருந்த பேத்தி ஒருத்தி, எட்டு வயது, எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"தாதி, ஆப்கா நாம் தோ சொர்ணம்மா ஹை நா?"

பாட்டி, உங்கள் பெயர் சொர்ணம்மாதானே என்று அவள் ஹிந்தியில் கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது. அகிலா குழந்தையைக் கூப்பிட வாயெடுத்தாள். புஷ்பா கையை உயர்த்தித் தடுத்தாள். பதில் வரட்டும் என்று நின்றாள். கருப்பாயி அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததைப் புஷ்பா பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல கண்ணு" என்றாள் கருப்பாயி. "அது இவ ஆத்தா பேரு."

'யி' போட்டு முடித்தாள்.

யாரோ ஒருத்தர் பழக்கத்தில் கை தட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டுக்கு மணி அடித்தது. புஷ்பா பிரியாணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பசி மட்டும் நன்றாக இருந்தது.

*

நவம்பர் இரண்டாவது வாரம். பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்து கிடந்தது. அகிலாவிடமிருந்து போன்.

"அக்கா, வங்கியிலேருந்து பேசுறேன். உயிர்ச் சான்றிதழ் குடுக்க அத்தையைக் கூட்டிட்டு வந்தோம்."

"ம்."

"கையெழுத்து ஒத்துவரலைன்னுட்டாங்க. மூணு தடவ போட்டுப் பாத்தாச்சு. சொ-ன்னு ஆரம்பிக்கிறாங்க, நடுவுல கை நின்னுடுது. ஒரு தடவ க-ன்னே போட்டுட்டாங்க. அந்தத் தாளை இவரு கிழிச்சுப் பையில போட்டுக்கிட்டாரு. அத்தை அழுவுறாங்க. மறந்துபோச்சுங்கிறாங்க."

விமானம் ஒன்று இறங்கியது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். புஷ்பா கால்சட்டைத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டாள். சத்தம் அடங்கியது.

"கைநாட்டு வெக்கச் சொல்லு" என்றாள். "எங்கம்மா கடைசி வரைக்கும் கைநாட்டுதான்."

"வெக்கலாமாம். ஆனா இவங்கதான் சொர்ணம்மான்னு ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். எங்கிட்ட நீட்டினாங்க. நான் போட மாட்டேன்னுட்டேன்க்கா. என்னால முடியல. அதான் உங்ககிட்ட..."

பின்னால் நாகராஜின் குரல் கேட்டது. "மதினி என்ன சொல்றாங்க? ஆபீசுக்குப் போவாங்களான்னு கேளு" என்று தணிந்து கேட்டான். புஷ்பா கத்தரிக்கோலை எடுத்துத் துணிக்குள் விட்டாள். நல்ல கத்தரி, போன வாரம்தான் சாணை பிடித்தது.

"தன்னைப் பெத்தவதான் சொர்ணம்மான்னு முதல் சாட்சி நாகராசு போடட்டும்" என்றாள். "அவன் கைதான் இத்தனை நாளும் எதுலயும் படாம சுத்தமா இருந்துச்சு. பேனா இருக்கான்னு கேளு."